நரம்பு: சொல்லும் பொருளும் மின்குறியும்

ஒரு சொல் பல பொருள் தருதல் மொழியின் இயல்பு. அவ்வியல்பு செய்யுளுக்கு அழகு செய்யும். மருத்துவத்திற்கோ சில வேளைகளில் இடர் செய்யும். 'நரம்பு' என்னும் சொல் அத்தகையது. மதுரை மாவட்டத்தின் மேற்கே, மலைத்தொடரை அடுத்துள்ள எழுமலையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வழங்கும் பேச்சைச் செவிமடுப்போர் இதனை எளிதில் உணர்வர். கையிலுள்ள குருதிக் குழாயில் மருந்து ஏற்றுவதை 'நரம்பு ஊசி' என்பர். கெண்டைக்கால் தசை இறுகி வலித்தால் 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்பர். காலில் நீலக் குழாய்கள் புடைத்து நெளிந்தால் 'நரம்புச் சுருட்டல்' என்பர். கை நடுங்கினால் 'நரம்புத் தளர்ச்சி' என்பர். இவற்றுள் முதலதும் மூன்றாவதும் குருதிக் குழாயைக் குறிப்பன. இரண்டாவது தசையைச் சார்ந்தது. நான்காவது ஒன்றே உடல் நூலார் நரம்பு எனக் கொள்வதற்கு அணுக்கமானது. இவ்வழக்கு எழுமலைக்கே உரியதன்று, தமிழகமெங்கும் பரவியுள்ளது.

இக்கட்டுரையில் நாம் மூன்று செய்திகளை ஆராய விழைகின்றோம். நரம்பு என்னும் சொல்லின் பழம்பொருள் யாது என்பது ஒன்று. நரம்பணு தன்னுள் மின்குறியைத் தோற்றுவிக்கும் முறை யாது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தெளிவாக அறியாமையால் சிற்றூர் மக்களுக்கு நேரும் உயிரிழப்பு யாது என்பது மூன்றாவது.

சொல்லின் வரலாறு

பண்டைத் தமிழில் நரம்பு என்பது முதன்மையாக இசைக்கருவியின் தந்தியைக் குறித்தது. தொல்காப்பிய நூன்மரபிலும் இச்சொல் இசைநூலைச் சார்ந்தே வருகின்றது. பேரியாழுக்கு 21 நரம்பும் செங்கோட்டியாழுக்கு 7 நரம்பும் உரியன என்பர் உரையாசிரியர். தந்தியினின்று எழும் சுரத்தையும் நரம்பு என்றே வழங்கினர். இணை, கிளை, பகை, நட்பு எனச் சுரங்களின் உறவை வகுத்தபோது அவற்றையும் நரம்பு என்றே கூறினர். விபுலானந்த அடிகளின் யாழ்நூல் 1947இல் வெளிவந்த பின்னர் இப்பொருள் தமிழறிஞர் அனைவருக்கும் நன்கு விளங்கிற்று.

உடலுறுப்பைக் குறிக்கும் வழக்கும் சங்க காலத்திலேயே உண்டு. புறநானூற்று 278ஆம் பாட்டில் ஒரு மூதாட்டியின் வற்றிய தோளில் நரம்பு மேலெழுந்து தோன்றுவதாகக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடுகின்றார். முதியோர் தோளில் மேலெழுந்து தோன்றுவது குருதிக் குழாயே, அல்லது தசைநாணாகலாம். உடல் நூலார் நரம்பு என்பது தசைகளுக்கிடையே ஆழ்ந்து கிடப்பதாகலின் அவ்வாறு புறத்தே புடைத்துத் தோன்றுவதன்று. எனவே இன்று எழுமலைச் சந்தையில் கேட்கும் வழக்கு பிழைபட்ட வழக்கு என இகழத்தக்கதன்று. அது சங்கச் சான்றோர் வழக்கின் தொடர்ச்சியே ஆகும்.

இத்தகைய பொருட்கலப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க மொழியில் 'நியூரான்' என்னும் சொல் தொடக்கத்தில் தசைநாணையும், வில்லின் நாணையும், யாழ்போன்ற கருவியின் தந்தியையும் குறித்தது. இலத்தீன் மொழியின் 'நெர்வுசு' என்பதும் அவ்வாறே. வெண்மையாகவும் நீண்டும் கயிறுபோல் கிடப்பவை யாவும் கண்ணுக்கு ஒரே தன்மையனவாகத் தோன்றியமையே இதன் காரணமாகலாம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரோபிலசு என்னும் மருத்துவர் உடலை அறுத்து ஆராய்ந்து, நரம்பு வேறு, தசைநாண் வேறு எனப் பிரித்துணர்ந்தார். அதன் பின்னர் அம்மொழிகளில் இச்சொல்லின் பொருள் சிறிது சிறிதாகக் குறுகிற்று. தமிழிலோ அக்குறுக்கம் பாடநூல்களில் மட்டும் நிகழ்ந்தது. மக்கள் வழக்கில் நிகழவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தும் நூல்களைத் தமிழாக்கியும் அரும்பணி புரிந்தார். அப்பணி இடையறாது தொடர்ந்திருப்பின் நம் நிலை வேறாக இருந்திருக்கும்.

தந்தியன்று, கம்பியுமன்று

நரம்பின் தொழிலை விளக்க முற்படுவோர் யாழின் தந்தியை உவமையாகக் கூறுதல் இயல்பு. இவ்வுவமை ஓரளவே பொருந்தும். தந்தியை மெல்லத் தெறித்தால் ஒலி மெலியும். வலிந்து தெறித்தால் ஒலி மிகும். நரம்பில் அவ்வாறு நிகழ்வதில்லை என்பதைப் பின்னர்க் காண்போம். மின்கம்பியை உவமையாகக் கூறுதலும் பொருந்தாது. இத்தாலிய அறிஞர் கல்வானி தவளையின் காலைக் கொண்டு ஆராய்ந்து, உயிருடலில் மின்னாற்றல் உண்டு என்று 1791இல் வெளியிட்டார். நரம்பில் குறி செல்லும் விரைவை அளத்தல் இயலாது என்றே பலரும் கருதியிருந்தனர். ஆயின், 1850இல் எல்மோல்ட்சு என்னும் செருமானிய அறிஞர் தவளையின் நரம்பில் அதனை அளந்து, நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் எனக் கண்டார். கம்பியில் மின்குறி செல்லும் விரைவோடு ஒப்பிட்டால் இது மிகமிகக் குறைவு. ஆகவே நரம்பில் நிகழ்வது கம்பியில் நிகழ்வதினின்று வேறுபட்டதோர் நிகழ்ச்சியாதல் வேண்டும்.

அந்நிகழ்ச்சியை அறிதற்கு முன் நரம்பணுவின் அமைப்பை அறிதல் வேண்டும். நாம் கண்ணாற் காணும் நரம்பு பல நுண்ணிழைகள் சேர்ந்ததொரு கட்டு. ஒவ்வோர் இழையும் ஒரு நரம்பணுவின் நீட்சி. நரம்பணுவுக்கு உடல் ஒன்றும், செய்தியைப் பெறும் குறுங்கிளைகள் பலவும், செய்தியைக் கொண்டு செல்லும் நெடிய இழை ஒன்றும் உண்டு. அந்நெடிய இழையை ஆக்சான் என்பர். முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியில் உடலையுடைய ஓர் அணுவின் ஆக்சான் பாதம் வரை, ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவு நீளுதலும் உண்டு.

ஓய்வு நிலை

நரம்பணுவைச் சுற்றி நுண்ணியதொரு சவ்வு உண்டு. கொழுப்புப் பொருளாலாய இரண்டு அடுக்குகளை உடைய அதன் தடிப்பு, ஒரு மில்லிமீட்டரை ஒன்றரை இலட்சம் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறு அளவினது. சவ்வின் இருபுறமும் உப்பு நீரே உள்ளது. ஆனால் அவ்வுப்புகள் ஒரு தன்மையன அல்ல. உள்ளே பொட்டாசியம் அயனி வெளியே உள்ளதைப் போல் ஏறத்தாழ முப்பது மடங்கு மிகுதி. வெளியே சோடியம் அயனி உள்ளே உள்ளதைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு மிகுதி. இவ்விரண்டும் நேர்மின் ஏற்றம் உடையவை.

எழுமலை வட்டாரத்து உழவர் கண்மாயையும் அதன் மடையையும் நன்கறிவர். கண்மாயில் நீர் உயர்ந்தும் வயல் தாழ்ந்தும் இருப்பதாலேயே மடையைத் திறந்த அளவில் நீர் பாய்கின்றது. இரண்டும் ஒரே மட்டத்தில் இருப்பின் மடையைத் திறந்தும் பயனில்லை. நரம்பணுவின் சவ்வே கரை. அதில் பதிந்துள்ள புரதங்களே மடைகள். சோடியத்திற்கு ஒரு வகை மடையும் பொட்டாசியத்திற்கு வேறொரு வகை மடையும் உண்டு. ஒன்றன் மடை வழியே மற்றொன்று எளிதிற் செல்லாது.

ஓய்வு நிலையில் பொட்டாசிய மடைகளுள் சில சிறிதே திறந்திருக்கும். உள்ளே மிகுந்துள்ள பொட்டாசியம் அவற்றின் வழியே வெளியே கசியும். நேர்மின் ஏற்றம் வெளியேறுதலின் உட்புறம் எதிர்மின் தன்மை அடையும். அவ்வெதிர்மின் தன்மை பொட்டாசியத்தை மீண்டும் உள்ளே ஈர்க்கும். கசிவும் ஈர்ப்பும் ஏறக்குறைய ஒத்து நிற்கும் நிலையில் உட்புறம் வெளிப்புறத்தை நோக்க ஏறத்தாழ 70 மில்லிவோல்ட்டு தாழ்ந்திருக்கும். இதுவே ஓய்வுநிலை மின்னழுத்தம். அளவு சிறிது எனக் கருதற்க. சவ்வின் தடிப்பு மிகச் சிறிதாகலின், இதனை ஒரு மீட்டர் தடிப்புக்குக் கணக்கிட்டால் ஒரு கோடி வோல்ட்டாகும்.

கசிந்தவற்றை மீட்டு இடத்திற் சேர்க்கும் இறைப்பானும் சவ்வில் உண்டு. 1957இல் டென்மார்க்கு நாட்டு சென்சு இசுக்கோ இதனைக் கண்டறிந்தார். 1997இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இவ்விறைப்பான் மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உட்கொணரும். இதற்கு ஆற்றல் வேண்டும். உடலின் எடையில் நூற்றுக்கு 2 பங்கே உடைய மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 பங்கைக் கொள்வதற்கு இத்தொழில் பெரிதும் காரணமாகும்.

மின்குறி தோன்றும் முறை

1902இல் பெர்ன்சுடைன் என்பார், குறி செல்லும்போது சவ்வு தன் காவலை இழந்து, மின்னழுத்தம் சுழிக்கு வந்துவிடும் எனக் கருதினார். கருத்தை ஆய்ந்து பார்க்கத் தக்க இழை கிடைக்கவில்லை. 1936இல் சே. இசட். யங்கு என்பார், கணவாய் இனத்தைச் சார்ந்த ஒரு கடலுயிரின் உடலில் ஒரு மில்லிமீட்டர் வரை பருமனுடைய ஆக்சான் இருத்தலை அறிஞர்க்கு எடுத்துக் காட்டினார். 1939இல் ஆட்ச்கின், அக்சிலி என்னும் ஆங்கில அறிஞர் இருவரும் அவ்விழையினுள்ளே மின்முனையைச் செலுத்தி அளந்தனர். மின்னழுத்தம் சுழியோடு நில்லாமல் அதனைக் கடந்து நேர்மின் பக்கம் உயர்ந்தது. பெர்ன்சுடைன் கருத்து முற்றும் பொருந்தாது என்பது புலனாயிற்று. இடையே உலகப் போர் மூண்டமையால் ஆய்வு தடைப்பட்டது. பின்னர் 1949இல் ஆட்ச்கினும் கட்சும் சேர்ந்து, அவ்வுயர்வுக்குக் காரணம் சோடியமே என நிறுவினர். 1952இல் ஆட்ச்கினும் அக்சிலியும் அந்நிகழ்ச்சி முழுவதையும் கணக்கியல் வாய்பாடுகளில் அடக்கிக் காட்டினர். இருவரும் 1963இல் எக்கிள்சு என்பாரோடு நோபல் பரிசு பெற்றனர்.

அவர்கள் கண்ட முறை வருமாறு: ஏதேனும் ஒரு தூண்டுதலால் சவ்வின் மின்னழுத்தம் 70இலிருந்து சற்றே குறைந்து, ஏறத்தாழ 55 மில்லிவோல்ட்டு எதிர்மின் நிலையை எய்தும்போது சோடிய மடைகள் திறக்கும். வெளியே மிகுந்துள்ள சோடியம் உள்ளே பாயும். நேர்மின் ஏற்றம் உள்ளே வருதலின் மின்னழுத்தம் மேலும் உயரும். அது உயர உயர மேலும் பல மடைகள் திறக்கும். கரையில் விழுந்த சிறு உடைப்பு நீரின் வேகத்தாலேயே பெருகுவதைப் போல் இது விரைந்து பெருகும். அரை மில்லிநொடிக்குள் உட்புறம் 30 மில்லிவோல்ட்டு அளவு நேர்மின் நிலையை அடையும். அந்நிலையில் சோடிய மடைகள் தாமே அடைபடும். சற்றுத் தாழ்த்துத் திறக்கும் பொட்டாசிய மடைகள் வழியே பொட்டாசியம் வெளியேறும். உட்புறம் மீண்டும் எதிர்மின் நிலையை அடையும். இவ்வேற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மில்லிநொடியில் முடிவுறும். இதுவே நரம்பின் மின்குறி. நூலார் இதனைச் செயல்நிலை மின்னழுத்தம் என்பர்.

இதனின்று மூன்று செய்திகள் பெறப்படும். முதலாவது, தூண்டுதல் அவ்வெல்லையை எட்டாவிடின் குறி தோன்றாது. எட்டின் முழுக்குறி தோன்றும். அரைக்குறி என்பதில்லை. ஆகலின் தந்தி உவமை ஈண்டுப் பொருந்தாதாயிற்று. வன்மையும் மென்மையும் குறியின் உயரத்தால் அறியப்படாமல், ஒரு நொடியில் எத்தனை குறிகள் வருகின்றன என்னும் எண்ணிக்கையால் அறியப்படும். 1920களில் இதனைக் காட்டிய அட்ரியன் 1932இல் செரிங்டனோடு நோபல் பரிசு பெற்றார்.

இரண்டாவது, ஓரிடத்தில் எழுந்த குறி அடுத்த இடத்தின் மின்னழுத்தத்தை எல்லை வரை உயர்த்தும். அங்கும் மடைகள் திறக்கும். இவ்வாறு குறி இடந்தோறும் புதிதாகப் பிறந்து செல்லும். ஆகலின் எத்துணைத் தொலைவு சென்றாலும் அதன் உயரம் குறைவதில்லை. கடந்து வந்த இடத்தின் மடைகள் சிறிது பொழுது அடைபட்டுக் கிடத்தலின் குறி திரும்பி வாராது.

மூன்றாவது, இடந்தோறும் பிறந்து செல்வதாலேயே விரைவு குறைகின்றது. நம் உடலில் மெல்லிய வெற்றிழைகளில் அவ்விரைவு நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டரே. மயலின் என்னும் கொழுப்புறை போர்த்த இழைகளில் குறி உறையின் இடைவெளிதோறும் தாவிச் செல்லுதலின், நொடிக்கு 120 மீட்டர் வரை விரைதலும் உண்டு.

மடைகள் உண்டு என்பது நெடுநாள் ஊகமாகவே இருந்தது. 1976இல் நேயர், சாக்மன் என்னும் இருவர் ஒரே ஒரு மடையின் வழியே ஓடும் மின்னோட்டத்தை அளந்து ஐயத்தை அகற்றினர். 1998இல் மெக்கின்னன் பொட்டாசிய மடையின் வடிவத்தையே கண்டு காட்டினார். பல் பிடுங்கும் மருத்துவர் ஈறில் இடும் மரப்பு ஊசி, சோடிய மடைகளை அடைப்பதன் மூலமே வலிக்குறியைத் தடுக்கின்றது. இவற்றை 'அயனி வாய்க்கால்' எனத் தமிழாக்குவாரும் உளர். வாய்க்கால் நீர் செல்லும் வழி மட்டுமே. மடையோ திறக்கவும் அடைக்கவும் வல்லது. ஆதலின் 'அயனி மடை' என்பதே இப்பொருளுக்கு ஏற்ற சொல் என்பது நம் கருத்து.

குறி கைமாறும் இடம்

மின்குறி நரம்பின் முனையை அடைந்ததும் தசைக்குள் நேரே பாய்வதில்லை. நரம்பு முனைக்கும் தசைக்கும் இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. குறி வந்ததும் முனையிலுள்ள கால்சிய மடைகள் திறக்கும். முனையில் சிறு பைகளில் அடைத்து வைக்கப்பட்டுள்ள அசிட்டைல்கோலின் என்னும் பொருள் வெளிப்படும். அது தசையின் மேலுள்ள ஏற்பிகளிற் பொருந்தும். அதனால் தசை சுருங்கும். மின்குறி ஈண்டு வேதிக்குறியாக மாறிப் பின்னர் மீண்டும் மின்குறியாகின்றது.

இக்கைமாற்றமே கட்டுவிரியன் தாக்கும் இடம். இரவில் உலவும் இப்பாம்பு, தரையில் பாய் விரித்து உறங்குவோரைக் கடித்தல் பெரும்பான்மை. கடித்த இடத்தில் வீக்கமோ கடுவலியோ பெரும்பாலும் இராது. சிலர் கடிபட்டதையே அறியார். விடியலில் வயிற்று வலி தோன்றலாம், பின்னர் இமை தாழும், பேச்சுக் குழறும், இறுதியில் மூச்சுத் தசைகள் ஓயும். கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு முனையையே சிதைத்து அசிட்டைல்கோலின் வெளிப்படுதலைத் தடுக்கின்றது. நல்லபாம்பின் நஞ்சோ தசையின் ஏற்பிகளை அடைத்துக்கொள்கின்றது. இரண்டிலும் நரம்பிழையில் மின்குறி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தசையை மட்டும் எட்டாது. தைவான் நாட்டில் சாங்கு, லீ என்னும் இருவர் அந்நாட்டுக் கட்டுவிரியன் இனமொன்றின் நஞ்சைப் பிரித்து 1963இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வேறுபாட்டை உலகிற்கு விளக்கிற்று.

சொற்குழப்பம் விளைக்கும் கேடு ஈண்டுத்தான் புலனாகின்றது. 'நஞ்சு நரம்பைத் தாக்கும்' என மருத்துவர் கூறுவர். கேட்போர் குருதிக் குழாயை எண்ணுவர். நஞ்சு அதன் வழியே ஏறாதிருக்கக் கயிற்றால் இறுகக் கட்டுவர். இறுகக் கட்டுதல் நஞ்சைத் தடுப்பதில்லை. உறுப்புக்குக் கேடு செய்யும். வீக்கம் இல்லாமையால் நஞ்சு ஏறவில்லை என அமைதி கொள்வாரும் உளர். இதனினும் கொடியது ஒன்று உண்டு. இமையையும் அசைக்க இயலாது கிடப்பவர் இறந்தார் எனச் சுற்றத்தார் முடிவு செய்தல் கூடும். அவர் மூளையில் மின்குறிகள் ஓடிக்கொண்டிருக்கலாம். அருகிலிருப்போர் அழுவதும் அவர் செவியில் விழலாம். 'உயிருடன் இருக்கின்றேன்' என்று கூறும் தசை ஒன்றும் அவருக்கு இல்லை.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையுள்ள இருபதாண்டுகளில் பாம்புக் கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்தனர் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். தமிழக அரசு 2024இல் பாம்புக் கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் 1978இல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கம் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து, நச்சு முறி மருந்து செய்வோர்க்கு அளித்து வருகின்றது. அம்மருந்து குருதியில் உலவும் நஞ்சை முறிக்கும். சிதைந்துபோன நரம்பு முனையைச் சீர்செய்யாது. ஆகவே காலம் தாழ்த்தலாகாது. காலம் தாழ்ந்தபோதும் கைவிடலாகாது. நரம்பு முனைகள் சில நாட்களிலோ வாரங்களிலோ மீண்டும் தளிர்க்கும். அதுவரை கருவியால் மூச்சைக் காத்தால் உயிர் பிழைக்கும். எழுமலையார் உசிலம்பட்டிக்கோ மதுரைக்கோ விரைந்து செல்லவேண்டியதன் காரணம் இதுவே. கட்டாமலும் கீறாமலும், கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் ஒன்றே செய்யத்தக்கது.

முடிவுரை

மக்கள் நாவில் ஈராயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவரும் ஒரு சொல்லை அறிஞர் ஆணையால் மாற்றுதல் இயலாது. மாற்ற வேண்டுவதும் இல்லை. ஆயின் அதற்கு அருகே தெளிவான சொற்களை நிறுத்துதல் இயலும். குருதி ஓடுவது குருதிக்குழாய். தசையை எலும்போடு பிணிப்பது தசைநாண். மின்குறி செல்வது நரம்பு. இம்மூன்றையும் தொடக்கப் பள்ளிப் பாடநூலிலும் மருத்துவமனைச் சுவரிலும் பிறழாது வழங்குதல் வேண்டும். நஞ்சைப் பற்றிக் கூறுமிடத்து 'நரம்பைத் தாக்கும்' என்று நிறுத்தாமல், 'மூச்சை நிறுத்தும்' என்று கூறுதல் வேண்டும். மூச்சு என்னும் சொல்லுக்கு எழுமலையிலும் வேறு பொருள் இல்லை.